பேர் போட்டாச்சு, அத்தை

சேரம்பாடி,
ஆடி மாதம்

அன்புள்ள கலா,

நலம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. போனில் சொல்லாமல் எழுதினாயே, அதுவே நல்லது. இங்கே மழை பிடித்தால் விடுவதில்லை. கரண்ட் போனால் டவரும் போய்விடும், பாதிப் பேச்சில் 'ஹலோ, ஹலோ' என்று கத்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பெரியவன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான். சின்னவளுக்கு நர்சிங் கடைசி வருஷம். எனக்குச் சத்துணவு வேலை ஓய்வு வரைக்கும் ஓடும், அவருக்கு ஜீப் ஓடுகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அப்பா பென்ஷன் புத்தகத்தை எங்கேயோ வைத்துவிட்டு, பாத்திரம் கழுவ வருகிற பெண் மேல் பழி போட்டது, பழகிய தெருவிலேயே வீடு தெரியாமல் நின்றது, ராத்திரி எழுந்து டூட்டிக்கு டிபன் கேரியர் கேட்டது, எல்லாம் படித்தேன். எங்கள் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, டிமென்ஷியா என்கிற மறதி நோய் ஆரம்பித்ததும் இப்படித்தான். அதற்காக இதுவும் அதேதான் என்று நானோ உன் அண்ணனோ முடிவு கட்டக் கூடாது. முதலில் நரம்பு டாக்டரிடமோ மனநல டாக்டரிடமோ கூட்டிக்கொண்டு போ. தைராய்டு குறைந்தாலும், பி12 சத்து குறைந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும் வயசானவர்களுக்கு மறதி வரும். எப்போதோ விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே மெல்ல ரத்தம் கட்டியிருந்தாலும் வரும். இவற்றுக்கெல்லாம் வைத்தியம் இருக்கிறது. 'வயசானா அப்படித்தான்' என்று சொல்லி உட்கார்ந்துவிட்டால் அதுவும் கைவிட்டுப் போகும். 2023-ல் வந்த ஒரு ஆய்வில், நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள், மொத்தம் 88 லட்சம் பேர். எங்கள் லயத்தையே, இந்தத் தோட்டத்து வரிசை வீடுகளையே எடுத்துக்கொள். இரண்டு வீடு தள்ளி ஒரு தாத்தா இருக்கிறார், கோயில் பக்கம் ஒரு பாட்டி இருக்கிறார். யார் வீட்டிலும் அதை நோய் என்று சொல்ல மாட்டார்கள்.

அப்பாவுக்குக் காது எப்படி? கல்யாணத்தன்றே நாம் கத்திப் பேசித்தான் அவருக்குக் கேட்டது. காது கேட்காமல் போவதும் இந்த நோய்க்கு ஒரு காரணமாக டாக்டர்கள் சொல்கிறார்கள். அதைவிட, பாதி கேட்டுப் பாதி கேட்காமல் இருக்கிறவருக்குச் சந்தேகம் அதிகமாக வரும். மிஷின் வாங்கிக் கொடுங்கள், பெருமைக்குப் பார்க்க வேண்டாம்.

மாத்திரை கேட்டிருந்தாய். அத்தைக்கு டோனெபெசில் என்று ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். அது நோயைத் தீர்க்காது. சிலருக்குக் கொஞ்ச நாள் தெளிவு நிற்கும், அவ்வளவுதான் என்று டாக்டரே முதலில் சொல்லிவிட்டார். ராத்திரி தூங்கவில்லை, அடிக்க வருகிறார் என்று யாராவது அடங்கிக் கிடக்கிற மாத்திரை கொடுத்தால் உடனே வாங்கிவிடாதே. அந்த வகை மருந்துகளில் சிலவற்றால் இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாதமும் உயிர் ஆபத்தும் கூடும். வேறு வழியே இல்லாதபோது, குறைந்த அளவில், டாக்டர் பார்வையில்தான் தர வேண்டும். அப்புறம் ஒன்று. இருந்தாற்போல் ஒரே நாளில் நிலைமை மோசமானால் நோய் முற்றிவிட்டது என்று நினைக்காதே. போன மாசம் அத்தை கூரைமேல் ஆட்கள் நிற்கிறார்கள் என்று ராத்திரி முழுக்கச் சத்தம் போட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் மூத்திரத்தில் கிருமி. மருந்து கொடுத்ததும் பழையபடி ஆகிவிட்டார். மலச்சிக்கலும் தண்ணீர் குடிக்காததும் கூட இப்படிப் படுத்தும். உடம்பில் உப்பு இறங்கினாலும் அப்படித்தான்.

இனி வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டாயே, அதைச் சொல்கிறேன்.

அத்தை இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் போட்ட சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம், எழுபதுகளில், கைக்குழந்தையோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, இங்கே டேன்டீ என்கிற அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். இந்த மலையில்தான் அவருக்கு வாழ்க்கையே ஓடியது. ஆனால் இப்போது அவர் மனசில் இந்த மலை இல்லை, அந்த மலைதான் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த நினைவு முதலில் அழிகிறது, சின்ன வயசில் பதிந்தது கடைசி வரை நிற்கிறது. விடியக்காலை ஐந்து மணிக்கு எழுந்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, 'பெரட்டுக்கு நேரமாச்சு, கதவைத் தொற' என்பார். பெரட்டு என்றால் காலையில் பேர் கொடுத்து வேலை பிரிக்கிற இடம். வெளியே இருட்டும் மூடுபனியுமாக இருக்கும். பலா பழுக்கிற காலத்தில் யானை லயத்து வாசல் வரைக்கும் வந்து நிற்கிற ஊர் இது.

என் கொழுந்தனார் வந்திருந்தபோது, 'அம்மா, நீ இந்தியாவுல இருக்க. உனக்கு வேலை முடிஞ்சு ரொம்ப வருஷமாச்சு' என்று விளக்கிக்கொண்டிருந்தார். அத்தைக்குக் கோபம் வந்து கூடையைத் தூக்கி அடித்தார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் அத்தையின் பயத்துக்கு அதில் பதிலும் இல்லை. நேரம் கழித்துப் போனால் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுவிடுவான், அரை நாள் கூலி போய்விடும், பிள்ளைகளுக்கு அரிசி இருக்காது. பயம் அதுதான். அதனால் நான், 'பேர் போட்டாச்சு, அத்தை. முழுப்பேரு. மழைக்கு நின்னுட்டு வரச் சொன்னாங்க' என்பேன். 'முழுப்பேரா?' என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வார். பிளேன் டீயைக் கையில் கொடுத்து, 'கங்காணி யாரு அத்தை?' என்று கேட்டால் போதும், பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். தினமும் இது நடக்கிறது. பொய் சொல்வது பாவம் என்று என் நாத்தனார் சொல்கிறார். நாலு நாள் வந்து இருந்து உண்மை பேசிப் பார்க்கட்டும்!

உன் அப்பா டிபன் கேரியர் கேட்டால், 'ரிட்டயர் ஆயிட்டீங்கப்பா' என்று சொல்லாதே. எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று கேள். வண்டி லேட், ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது என்று சொல். ரயில்வே கார்டாக இருந்தவருக்கு லேட் வண்டி புதுசா என்ன?

பகலில் கைக்கு ஏதாவது வேலை இருந்தால் அத்தை அமைதியாக இருப்பார். வீட்டுப் பின்னால் வேலியோரம் நாலைந்து தேயிலைச் செடி இருக்கிறது. அங்கே கொண்டுபோய் விட்டால், என் பேரே தெரியாத அந்த மனுஷி இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, ஒரு முற்றல் இலைகூட விழாமல் பறிப்பதை நீ பார்க்க வேண்டும். விரல் தானாகப் போகும். கிள்ளி உள்ளங்கையில் சேர்த்து, கை நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்பக்கம் வீசுவார், அங்கே கூடை இருக்கிற மாதிரி. தரையில் சிதறுவதை நான் அப்புறம் கூட்டி அள்ளிக்கொள்வேன். மழை நாளில் கீரை ஆய்வார், அவரைக்காய் உரிப்பார்.

வீட்டில் சில்லறை மாற்றங்கள் நிறைய. வாசலில் கிடந்த கறுப்பு மிதியடியை எடுத்துவிட்டோம், அது அவர் கண்ணுக்குக் குழியாகத் தெரிந்து தாண்டப் பார்ப்பார். கண்ணாடியில் தெரிகிற கிழவி யார் என்று சண்டை போட்டதால் அதைத் துணியால் மூடினோம். கக்கூஸ் விளக்கு ராத்திரி முழுக்க எரியும், கதவு பாதி திறந்தே இருக்கும். எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறு அவருக்குச் சரியாகத் தெரியவில்லை, பச்சை பிளாஸ்டிக் தட்டு வந்ததும் தானாகச் சாப்பிடுகிறார். சாயந்தரம் பனி இறங்குகிற நேரம்தான் மனசு அதிகமாகக் குழம்பும், அதனால் இருட்டும் முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறோம்.

குளியல் மட்டும் இன்னும் போராட்டம். இந்தக் குளிரில் எனக்கே குளிக்கப் பிடிப்பதில்லை, அவரை என்ன சொல்ல? தினமும் வேண்டும் என்று கட்டாயமில்லை. வெந்நீரை முதலில் காலில் ஊற்றி, சூடு பழகியதும் மேலே போக வேண்டும். மேல் துண்டை எடுக்கவே கூடாது, மானம் போகிறது என்று கூச்சல் போடுவார். முடியாத நாளில் ஈரத்துணியால் துடைத்துவிடுவதோடு சரி.

கதவைப் பற்றிக் கேட்டிருந்தாய். தாழ்ப்பாளை அவர் தேடாத இடத்தில், கீழே, வைத்திருக்கிறோம். ஆட்டுக்குக் கட்டுகிற மணி ஒன்று கதவில் தொங்குகிறது. ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவது மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம், தீப்பிடித்தால் என்ன ஆகும்? இங்கே யானை எங்கே நிற்கிறது என்று தகவல் போட ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. வனத்துறை ஆட்கள், ஜீப்காரர்கள், டீக்கடைக்காரர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அதிலேயே அத்தை போட்டோவைப் போட்டு, தனியாகப் பார்த்தால் திட்டாமல் உட்கார வைத்துக் கூப்பிடுங்கள் என்று என் வீட்டுக்காரர் எழுதிவிட்டார். முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு நாள் கடைவீதி வரை போனவரை, டீ மாஸ்டர் ஒரு வர்க்கி பிஸ்கட் கொடுத்து உட்கார வைத்துப் போன் பண்ணினார். அதோடு சங்கடம் போயிற்று. உங்கள் தெருவிலும் பால்காரர், ஆட்டோ ஸ்டாண்டு, மருந்துக்கடை எல்லோருக்கும் சொல்லி வை. மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

உன் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. 'அம்மா நல்லா பார்த்துக்கறாங்க, வீட்டோடவே இருக்கட்டும்' என்று அண்ணன் சொல்கிறாராம். அம்மாவுக்கு என்ன வயசு, கலா? மூட்டுவலியோடு ராத்திரி மூன்று தடவை எழுந்து அப்பா பின்னால் நடக்கிறவர் அவர்தானே? 'வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறோம்' என்று ஊரில் பெருமையாகச் சொல்கிற வீடுகளில் எல்லாம் பார்க்கிறது ஒரே ஒரு பெண்தான். என்னையும் இங்கே 'தெய்வம்' என்றார்கள். தெய்வத்துக்கு ஒரு நாள் லீவு கொடுக்க யாரும் வரவில்லை.

இடுப்புப் பிடித்துப் படுத்தபோது வீட்டுக்காரரிடம் நேரடியாகச் சொன்னேன்: இவர் உங்கள் அம்மா, இது உங்கள் முறையும்தான். இப்போது நான் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் பக்கத்து லயத்து சரோஜா அக்கா வந்து இருக்கிறார், அவருக்கு மாசச் சம்பளம். அதை அத்தையின் மூன்று பிள்ளைகளும் பங்கு போட்டுத் தருகிறார்கள். ராத்திரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் என் வீட்டுக்காரர் முறை. கொழுந்தனார் மாசம் ஒரு சனி, ஞாயிறு திருப்பூரிலிருந்து வந்து முழுசாகப் பொறுப்பெடுக்க வேண்டும் என்று பேசி முடித்தோம். முதல் தடவை வந்து போன பிறகு அம்மாவுக்கு விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை கொண்டுவருகிற பெண், அத்தைக்குப் பார்த்துவிட்டு எனக்கும் பிரஷர் பார்த்துவிட்டுப் போகிறாள்.

எல்லை தாண்டினால் வயநாடு. அங்கே ஊர்க்காரர்களே பாலியேட்டிவ், அதாவது நோயாளியின் வலியையும் வேதனையையும் தணிக்கிற குழுவாகச் சேர்ந்து, படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். நர்ஸ் ஒருத்தர், கூடவே கடைக்காரர், வாத்தியார் என்று பயிற்சி எடுத்தவர்கள். மலப்புறம் பக்கம் தொடங்கிப் பரவியது, 2008-ல் கேரள அரசாங்கமே அதைக் கொள்கையாக அறிவித்தது. சரோஜா அக்காவின் தங்கை வயநாட்டு சுல்தான் பத்தேரியில் அப்படி ஒரு குழுவில் இருக்கிறாள். நம் பக்கத்திலும் அந்தப் பழக்கம் வேண்டும் என்று நான் மகளிர் குழுவில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாரம் ஒருத்தர் இரண்டு மணி நேரம் வந்து உட்கார்ந்தாலே எத்தனையோ வீடு மூச்சு விடும்.

இல்லத்தில் சேர்ப்பது பாவமா என்று கேட்டாய். நான் அப்படி நினைக்கவில்லை. அம்மா விழுந்து படுத்துவிட்டால் இரண்டு பேரையும் யார் பார்ப்பது? அப்படி ஒரு நாள் வரலாம் என்று இப்போதே இடம் பார்த்து வைப்பதில் தப்பில்லை. சொல்லாமல் போய்ப் பார், சாப்பாட்டு நேரத்தில் போ. அதற்கு முன்னால் ஆள் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நாள் அம்மாவுக்கு உதவியாக இருக்கட்டும், அப்பாவுக்கு முகம் பழகிவிடும். மனசு ரொம்ப முட்டிக்கொண்டு வந்தால் 14416-க்குப் போன் பண்ணு. டெலி மானஸ், தமிழிலேயே பேசுவார்கள். பெரியவர்களுக்கான உதவிக்கு 14567. நான் முதல் எண்ணுக்குப் பேசியிருக்கிறேன், அவர்களிடம் அழுதால் ஊருக்குள் பேச்சு வராது.

நீ கேட்காத ஒன்று. அப்பாவுக்குப் புரிகிற நாள் இருக்கும்போதே பென்ஷன் கணக்கில் அம்மா பேரையும் சேர்த்துவிடுங்கள், உயில் எழுதுவதானால் இப்போதே எழுதட்டும். பவர் எழுதி வாங்கினால் போதும் என்று அண்ணன் சொல்வார். எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி சுவாதீனம் போனால் அந்தப் பவர் சட்டப்படி செல்லாது. வக்கீலைக் கேட்டுச் செய்யுங்கள். உயிர்ச்சான்றுக்கு அப்பாவை அலைக்கழிக்க வேண்டாம், போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து கைரேகை வாங்கிக்கொள்வார்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் படம் எடுத்து அனுப்பு, சின்னவள் பார்த்துச் சொல்வாள். காலாண்டு லீவில் அம்மாவுக்கு மாற்றாக அண்ணியை இருக்கச் சொல்லிவிட்டு நீ இங்கே வா. ஒரு நாள் அத்தையை உன்னிடம் விட்டுவிட்டு, நான் கூடலூர் போய்க் கண் டாக்டரைப் பார்த்து, நிம்மதியாக ஒரு பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருகிறேன். ஐந்து மணிக்குக் கதவைத் திறக்கச் சொன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத்தான் தெரியுமே.

அம்மாவுக்கு என் அன்பு.

உன்,
சாந்தி