நாலே நாலு கொலனி

உவர்மலை,
திருகோணமலை.

அன்புத் தோழிக்கு,

நான் நல்ல சுகம். நீயும் வீட்டாரும் சுகமாயிருக்கக் கோணேசப் பெருமானை வேண்டுகிறேன். உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. பேரன் பிறந்த சந்தோசத்தோடு வாசித்துக்கொண்டு வந்தேன். “மகள் ஆராய்ச்சியை விடப் போகிறாளாம்” என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். இரண்டு நாளாக அதே யோசனை. புத்தி சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு மனுசியின் கதையை எழுதுகிறேன், மகளுக்கு வாசித்துக் காட்டு.

எவ்லின் விட்கின். பரம்பரையியல் விஞ்ஞானி, 1921இல் நியூயோர்க்கில் பிறந்தவர். 1944 கோடையில், கொலம்பியா பல்கலைக்கழக மாணவியாகக் கோல்ட் ஸ்பிரிங் ஹாபர் ஆய்வுகூடத்துக்குப் போனார். பற்றீரியாவோடு வேலை செய்த பழக்கமே இல்லை. குடலில் வாழும் ஈ.கோலை பற்றீரியாவில் விகாரம், அதாவது பரம்பரை அலகில் மாற்றம், உண்டாக்கிப் பார் என்றார்கள். கழியூதா விளக்கை எவ்வளவு நேரம் பிடிப்பது என்று தெரியாமல் கூடுதலாகப் பிடித்துவிட்டார். அடுத்த நாள் பார்த்தால் எல்லாம் செத்து, நாலே நாலு கொலனி; தப்பிய கலம் ஒவ்வொன்றும் பெருகி உண்டான பொட்டுகள்.

இந்த இடம்தான் எனக்கு மனதை உறுத்துகிறது. முப்பது வருசம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தேன். பற்றீரியா வளர்க்கும் ஏகார் கிண்ணத்தை யன்னல் வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தால் ஊசித்தலை அளவில் பால்நிறப் பொட்டுகள் தெரியும், நினைவிருக்கிறதா? இரண்டு மூன்று பொட்டு மட்டும் வந்த கிண்ணங்களைப் பிழையாய்ப் போச்சு என்று நானே கழுவப் போட்டிருக்கிறேன். விட்கின் கழுவப் போடவில்லை. இது நாலும் ஏன் சாகவில்லை என்று கேட்டார். எடுத்து வளர்த்து, அதே விளக்கின் கீழே திரும்பவும் வைத்தார். கதிரைத் தாங்கும் ‘பி/ஆர்’ வகை அப்படித்தான் கிடைத்தது. அந்தத் தாங்கும் சக்தி கதிர் பட்டதால் வந்ததல்ல, முன்னமே தற்செயலாக உண்டான விகாரம் என்பதையும் காட்டினார்.

சாதாரண வகையில் கதிர் பட்ட கலம் பிரியாமல் பாம்பு மாதிரி நீண்டுகொண்டே போகும். பி/ஆர் கொஞ்சம் பொறுத்திருந்து பிரியத் தொடங்கிவிடும். இந்த ஒரு வித்தியாசத்தை அவர் விடவேயில்லை. கலத்துக்குள் ஒளிந்திருக்கும் வைரசு கதிர் பட்டதும் விழிப்பதற்கும், கலம் பாம்பாய் நீளுவதற்கும் ஒரே விதமான கட்டுப்பாடு இருக்கவேண்டும் என்று 1967இல் எழுதினார். மிரோஸ்லாவ் ராட்மன் என்ற விஞ்ஞானி அதை இன்னும் விரித்து, சேதப்பட்ட கலத்தின் இந்த அவசர நடவடிக்கைக்கு, தத்தளிக்கும் கப்பல் அனுப்புகிற ‘எஸ்ஓஎஸ்’ என்பதையே பெயராக வைத்தார். பின்பக்கத்து மதிலடியில் நின்றால் உட்துறைமுகத்தில் கப்பல் விளக்குகள் தெரியும். அந்தப் பெயர் எனக்கு அப்போதெல்லாம் ஞாபகம் வரும்.

டி.என்.ஏ சேதப்பட்டுப் பிரதி எடுப்பது தடைப்பட்டால், ஒற்றை இழையாய்க் கிடக்கும் பகுதியை ரெக்-ஏ என்ற புரதம் சுற்றிக்கொள்ளும். அதன் தூண்டலில் லெக்ஸ்-ஏ என்ற அடக்கிப் புரதம் தன்னையே வெட்டிக்கொள்ள, அது அடக்கி வைத்திருந்த நாற்பதுக்கு மேற்பட்ட பரம்பரை அலகுகள் விழிக்கும். முதலில் ஒழுங்கான திருத்தம். அதாலும் முடியாவிட்டால், பிழை விட்டாவது பிரதியை எழுதி முடிக்கும் நொதியம் வரும். அந்தப் பிழைகள்தான் விகாரம். சிப்ரோபுளொக்சசின் போன்ற பற்றீரியாவைக் கொல்லும் மருந்தும் இதே அபாயக் குரலை எழுப்பும் என்பதால், மருந்துக்கு அடங்காத பற்றீரியாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் இந்த வேலையில்தான் வந்து நிற்கிறார்கள்.

இனி உன் மகளுக்கான பகுதி. விட்கினுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். அவர்கள் சின்னவர்களாய் இருந்த காலத்தில் பகுதி நேரமாகத்தான் ஆய்வுகூடம் போய்வந்தார். வேலை மெதுவாக நடந்திருக்கும், ஆனால் அந்தக் கேள்வி கையை விட்டுப் போகவில்லை. மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது 2015இல் கிடைத்தபோது வயது 94. அந்த நாலு கொலனிக்கு 71 வருசம் கழித்து! 2023இல், 102 வயதில் காலமானார்.

மகள் பல்கலைக்கழகத்தில் பகுதி நேரம் கேட்டுப் பார்த்தாளா? கேட்கவேயில்லை என்றுதான் உன் கடிதத்தை வாசிக்க எனக்குப் படுகிறது. மேற்பார்வையாளரிடம் எப்படி எழுதிக் கேட்பது என்று தயக்கமென்றால் நானும் அவளுமாய் இருந்து எழுதலாம். என் நம்பரைக் கொடு. இரவு எட்டு மணிக்குப் பிறகு, பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு எடுக்கட்டும். நான் முழித்திருப்பேன்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழி