வீடு எரிந்ததோடு கதை முடியவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வேல்ஸ் பயணக் கட்டுரையைப் படித்தேன். அபெரிஸ்ட்வித் பக்கம் உள்ள ஹாவோட் எஸ்டேட்டுக்குப் போனவர், ஜமீன்தார் தாமஸ் ஜோன்ஸின் மாளிகை 1807இல் தீயில் அழிந்தது என்று எழுதி நிறுத்திவிட்டார். எரிந்தது உண்மைதான். ஆனால் மனிதர் விடவில்லை, திரும்பக் கட்டினார். அந்த வீட்டை 1958இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இது தெரியாமல் அங்கே போகிறவர்கள், கற்குவியலைப் பார்த்து 1807இன் மிச்சம் என்றே நினைத்துக்கொள்வார்கள்.

ஜோன்ஸ் மரம் நட்டதைக் கட்டுரையாளர் பணக்காரப் பொழுதுபோக்கு என்று சொன்னதும் எனக்குச் சரியாகப் படவில்லை. இஸ்ட்வித் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மொட்டைச் சரிவுகளில் முப்பது லட்சம் கன்றுகள், பெரும்பாலும் லார்ச் என்ற ஊசியிலை மரம்! மரம் வளர்ப்பு போன்ற பயனுள்ள வேலைகளையும் ஊக்குவித்த லண்டன் சங்கமான சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் தங்கப் பதக்கங்கள் கொடுத்தது இதற்காகத்தான். பொழுதுபோக்குக்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். குத்தகைக்காரர்களுக்கு விவசாய யோசனை சொல்லி 1800இல் ஒரு சிறு நூலும் போட்டார். அவர்கள் பேசியது வெல்ஷ் என்பதால் அந்த மொழியிலும் அதை வெளியிட்டார். சொன்னதை எத்தனை பேர் கேட்டார்களோ, அது வேறு விஷயம்.

கணக்கு வழக்கில் ஆள் கோட்டை விட்டவர்தான், ஒப்புக்கொள்கிறேன். தாய்வழியில் வந்த கிராஃப்ட் கோட்டையையே விற்றார். எஸ்டேட்டுக்குள்ளேயே அச்சகம் வைத்து, இடைக்காலப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃப்ருவாசார் எழுதிய வரலாற்று நூலைத் தானே மொழிபெயர்த்து அச்சிட்டார். எண்கோண வடிவில் ஒரு நூலகம் கட்டினார். தீப்பிடித்த அன்று அவர் லண்டனில் இருந்தார். மனைவியும் மகளும் தப்பினார்கள், வெல்ஷ் கையெழுத்துப் பிரதிகள் தப்பவில்லை. வீடு திரும்ப எழுந்துவிட்டது, அவற்றை யாரால் எழுப்ப முடியும்? இழப்பு என்றால் கட்டுரையாளர் முதலில் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்.

ஒரே மகள் மாரியாம்னே 1811இல் இறந்தாள். ஜோன்ஸ் 1816இல் கடனோடு போய்ச் சேர்ந்தார். மகளுக்காகச் சிற்பி சான்ட்ரி செதுக்கிய நினைவுச் சிலையும், 1932இல் அது இருந்த ஹாவோட் தேவாலயம் தீப்பிடித்தபோது சிதைந்தது. அந்தக் குடும்பத்தை நெருப்பு லேசில் விடவில்லை.

தொடரின் அடுத்த பகுதியில் 1958ஐச் சேர்த்துவிடுங்கள். அப்புறம், அத்தனை கன்றுகளையும் ஜோன்ஸ் ஒருவரே குனிந்து நடவில்லை. குழி தோண்டியவர்கள் யார், என்ன கூலி என்று கட்டுரையாளர் தேடி எழுதினால் இன்னும் ஆவலாகப் படிப்பேன்.

வாசகர்,
திருச்சி