பட்டர்வொர்த் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பற்றி

பாப்பா,

நீ வாங்கலாமா என்று கேட்ட அந்த பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டரை, ஃபெண்டர் கம்பெனியின் எலக்ட்ரிக் கிதாரை, போய்ப் பார்த்துவிட்டேன். கிதார் உண்மையானதுதான், ஆனால் 'எல்லாமே ஒரிஜினல்' என்று விற்கிறவர் சொல்வது உண்மை இல்லை. கேட்கிற விலைக்கு வாங்காதே.

மனுஷன் முதலில் பின்பக்கத் தகட்டில் இருக்கிற, 'எல்' எழுத்தில் தொடங்குகிற சீரியல் நம்பரைத்தான் பெருமையாகக் காட்டினார். நாலு ஸ்க்ரூவில் நிற்கிற தகடு அது, எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். நெக்கை, அதாவது கிதாரின் கழுத்தை, கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டதும் முகம் கொஞ்சம் மாறியது, அப்புறம் சரி என்றார். அடியில் '2 மார்ச் 64 பி' என்று முத்திரை தெளிவாக இருக்கிறது. அந்த 2 தேதி இல்லை, ஸ்ட்ராட்டோகாஸ்டர் நெக்குக்கான குறி; 'பி' என்பது நெக்கின் மேல்முனையில் கம்பிகள் பதிகிற நட் பக்கத்து அகலம். ஃபெண்டர் கம்பெனி சிபிஎஸ் என்கிற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது 1965 ஜனவரியில், இது அதற்கு முந்தியது, சேகரிப்பவர்கள் காசைக் கொட்டுவதே அதற்காகத்தான்.

முன்பக்கத்தை மூடியிருக்கிற பிக்கார்டு தகட்டைத் தூக்கினேன். சத்தத்தையும் டோனையும் கூட்டிக் குறைக்கிற 'பாட்' மூன்று இருக்கிறது, அவற்றில் இரண்டின் முதுகில் 3046347. 304 என்றால் ஸ்டாக்போல் கம்பெனி, 63 வருஷம், 47 வாரம். நெக்குக்குச் சில மாதம் முந்திய சரக்கு, பொருந்துகிறது. மூன்றாவது 1377612, அதாவது சிடிஎஸ் என்கிற வேறு கம்பெனி, 1976. யாரோ மாற்றியிருக்கிறார்கள், ஈயப் பற்றும் அங்கே மட்டும் புதுசாக மின்னுகிறது. வாசிக்கிற கிதாரில் பாட் மாற்றுவது சகஜம், அதற்காக நான் விலையைப் பெரிதாகக் குறைக்க மாட்டேன். நெக்கில் இருக்கிற ஃப்ரெட் கட்டைகளை (குறுக்கு உலோகப் பட்டைகளை) மாற்றியிருப்பதும் அப்படித்தான், உனக்கு அது நல்லதே.

பெயின்ட்தான் விஷயம். அந்தக் காலத்தில் ஃபெண்டரில் உடம்பில் சின்ன ஆணிகள் அடித்து வைத்துவிட்டுச் சாயம் தெளிப்பார்கள், காய்ந்த பிறகு பிடுங்குவார்கள். அதனால் ஒரிஜினல் பெயின்ட் என்றால் பிக்கார்டுக்கு அடியில் இருக்கிற அந்த ஆணித் துளைக்குள் வெறும் மரம் தெரிய வேண்டும். இதில் டார்ச் அடித்துப் பார்த்தால் துளைக்குள்ளேயே சாயம் இறங்கியிருக்கிறது. இத்தனை வருஷம் கடல் காற்றில் கிடந்து ஸ்க்ரூ எல்லாம் துரு, மேலே சன்பர்ஸ்ட் சாயத்தில் (நடுவில் வெளிறி ஓரத்தில் கறுக்கிற சாயம்) ஒரு வெடிப்புகூட இல்லை, அதை எப்படி நம்புவது! மறுபடி சாயம் போட்டதுதான், சந்தேகமே இல்லை.

ஆஸ்திரேலிய விமானப்படைக்காரர் விட்டுப்போன கிதார் என்று ஒரு கதை சொன்னார். 1988-இல் நம் மலேசியாவிடம் ஒப்படைக்கும்வரை பட்டர்வொர்த் விமானத் தளம் அவர்களுடையதுதான், நடந்திருக்கலாம். ரசீது இல்லாத கதைக்கு நான் ஒரு வெள்ளிகூட சேர்த்துத் தர மாட்டேன்.

மறுசாயம் போட்டதற்குச் சந்தையில் ஏறக்குறைய பாதி விலைதான். பாதியை ஒட்டி வந்தால் எடுத்துக்கொள், நெக் அருமையாக இருக்கிறது, சத்தமும் பழைய சத்தம். ஃப்ரெட்போர்டு பிரேசில் ரோஸ்வுட் போலத் தெரிகிறது, 1992-லிருந்து அந்த மரத்துக்குக் கடும் கட்டுப்பாடு, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிற எண்ணம் இருந்தால் முதலில் பெர்மிட் விசாரித்துவிடு.

உள்ளே எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், அவரிடம் பேசும்போது ஆணித் துளை படத்தை முதலில் காட்டு. சுருதியை ஆட்டுகிற ட்ரெமோலோ கைப்பிடிக் கம்பி காணோம், வீட்டில் தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா