மான்செஸ்டருக்கு ரூம் போடறதுக்கு முன்னாடி மேட்ச் லிஸ்ட்டைப் பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல இங்கிலாந்து சுத்திப்பாக்குறதுக்குன்னு ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க, லண்டனுக்கு ஒண்ணே முக்கால் பக்கம் குடுத்துட்டு மான்செஸ்டருக்கு மூலையில ஒரு பெட்டிச்செய்தி, அதுலயும் ஸ்டேடியத்தைப் பாத்துட்டு சாயங்காலமே திரும்பிடலாம்னு ஒரு வரி. அதைப் படிச்சப்புறம் எழுதாம இருக்க முடியல. நான் பதினோரு வருஷமா லண்டன் பக்கம் க்ராய்டன்ல இருக்கேன், மான்செஸ்டருக்கு மூணு தடவை போயிருக்கேன், அதுல முதல் தடவை முழுசா சொதப்பினோம்.

என்ன ஆச்சுன்னா, எங்க வீட்டுக்காரர் ட்ரெய்ன் டிக்கெட் சீப்பா கிடைச்சுதுன்னு மொதல்ல அதை புக் பண்ணிட்டார், அப்புறமா ஹோட்டல் தேடினா எப்பவும் இருக்குற வெலையில மூணு மடங்கு, ஏன்னு பாத்தா அந்த சனிக்கிழமை ஃபுட்பால் மேட்ச், ராத்திரி ஒரு பெரிய கச்சேரி வேற. கடைசியில கிடைச்ச ஒரு ரூமுக்கு கீழயே பார், ராத்திரி மூணு மணி வரைக்கும் கல்யாணப் பொண்ணுக்குத் தோழிங்க வைக்கிற ஹென் பார்ட்டி கூட்டம் ரோட்டுல பாட்டு, ஊர்லேர்ந்து வந்திருந்த எங்க அத்தை பாவம் காதுல பஞ்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அதனால நான் சொல்றது ஒண்ணுதான், டிக்கெட்டும் ரூமும் அப்புறம், மொதல்ல காலண்டர். மான்செஸ்டர் யுனைட்டட், மான்செஸ்டர் சிட்டி ரெண்டு டீமுக்கும் அந்த வாரம் ஹோம் மேட்ச் இருக்கா, பெரிய அரங்கத்துல கச்சேரி இருக்கான்னு பாருங்க, மேட்ச் தேதியை டிவிக்காக சனியிலேர்ந்து ஞாயிறுக்கோ திங்களுக்கோ மாத்துவாங்க, அதனால ஒரு தடவை பாத்தா பத்தாது. பெரியவங்க, சின்னப் பிள்ளைங்க கூட வந்தா சென்டர்லயே தங்கணும்னு ஒண்ணும் இல்ல, சால்ஃபோர்ட் கீஸ் பக்கம் தங்குங்க, தண்ணி ஓரம், அமைதியா இருக்கும், ட்ராம் வாசல்ல வருது, இம்பீரியல் வார் மியூசியமும் அங்கயே இருக்கு, அதுக்கு டிக்கெட் கிடையாது. ஆனா யுனைட்டடோட ஸ்டேடியம் ஓல்ட் ட்ராஃபோர்ட்ல மேட்ச்னா அந்தப் பக்கம் ட்ராம்ல நிக்கக்கூட எடம் இருக்காது, சொல்லிட்டேன். இன்னொண்ணு, சென்டர் ஹோட்டல்கள்ல ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 1 பவுண்டும் அதுக்கு வாட்டும் தனியா போடுவாங்க, 2023 ஏப்ரல்லேர்ந்து வந்தது, பில்லுல பாத்துட்டு எங்க வீட்டுக்காரர் மாதிரி சண்டைக்குப் போகாதீங்க.

சரி, பாக்க என்ன இருக்குன்னு கேட்டா, நான் ஸ்டேடியத்தையே சொல்ல மாட்டேன். கோயம்புத்தூரை தென்னிந்திய மான்செஸ்டர்னு ஸ்கூல்ல படிச்சோமே, அந்த அசல் மான்செஸ்டரோட பஞ்சு வியாபாரம் நடந்த எடம் ராயல் எக்ஸ்சேஞ்ச். வியாபாரம் 1968ல நின்னு போச்சு, 1976லேர்ந்து நாடகக் கொட்டகை, அந்தப் பெரிய ஹாலுக்கு நடுவுல கண்ணாடியும் இரும்புமா ஒரு ஏழு பக்கக் கூண்டு மாதிரி நிக்குது, அதுக்குள்ளதான் நாடகம். ஆனா தலையைத் தூக்கிப் பாருங்க, உச்சியில ஒரு போர்டு, கடைசி நாள் வெலை அப்படியே இருக்கு, யாரும் அழிக்கல. எங்க மாமனார் ஸ்பின்னிங் மில்லுல வேலை பாத்தவர், அத்தை அந்த போர்டைப் பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் "இந்த நம்பரெல்லாம் உங்க மாமாவுக்குப் புரிஞ்சிருக்கும்"னு மட்டும் சொன்னாங்க.

அங்கேர்ந்து நடக்குற தூரத்துல கார்ப்பரேஷன் ஸ்ட்ரீட்ல ஒரு செகப்பு தபால் பெட்டி இருக்கு, 1996 ஜூன் 15ல ஐஆர்ஏங்குற ஐரிஷ் ஆயுதக் குழு வச்ச குண்டுல சுத்தி இருந்த கட்டடமெல்லாம் நொறுங்கினப்ப அது மட்டும் அப்படியே நின்னுச்சு, சின்னதா ஒரு பித்தளைத் தகடு அடிச்சிருக்காங்க, பாதிப் பேர் பாக்காமலே தாண்டிப் போறாங்க. இன்னும் கொஞ்சம் நடந்தா கதீட்ரல் பக்கத்துல நம்ம காந்தி, 2019ல வச்ச சிலை. சீமைத் துணி வேண்டாம்னு சொன்ன மனுஷன் 1931ல பஞ்சு மில்லுங்க நெறஞ்ச லங்காஷயருக்கே வந்து வேலை போன மில் தொழிலாளிங்களை நேர்ல பாத்தார், அவங்களும் அவரை அன்பாத்தான் வரவேத்தாங்க, அதை நெனச்சுக்கிட்டு அந்த சிலையைப் பாத்தா வேற மாதிரி இருக்கும். அதுக்கும் பக்கத்துல 1653ல ஆரம்பிச்ச செத்தம்ஸ் லைப்ரரி, 1845ல மார்க்ஸும் எங்கெல்ஸும் உக்காந்து படிச்ச ஜன்னலோர மேஜை அங்க இருக்கு, கைடோடதான் உள்ள விடுவாங்க, முன்னாடியே புக் பண்ணணும். இவ்வளவும் ஒரு காலை நேரத்துல நடந்தே முடிஞ்சிடும். எங்க பொண்ணுக்கு இதெல்லாம் போர், அவ வழி பூரா தேனீ எண்ணிக்கிட்டு வந்தா, குப்பைத்தொட்டியிலேர்ந்து ரோட்டோர இரும்புத் தூண் வரைக்கும் அந்த ஊர்ல எல்லாத்துலயும் தேனீ போட்டிருப்பாங்க, ஊர் சின்னம் அது. மத்தியானம் அவளுக்காக ஆக்ஸ்ஃபோர்ட் ரோடு மான்செஸ்டர் மியூசியம் போனோம், டைனோசர் எலும்பும் உயிரோட தவளையும் பாத்துட்டு வெளிய வரவே மாட்டேன்னுட்டா, அங்க 2023ல தெற்காசியாவுக்குன்னு தனி கேலரி தொறந்திருக்காங்க, அதுவும் இலவசம்தான். அங்கேர்ந்து தெற்க பஸ் ஏறினா சாப்பாட்டுக் கடைங்க வரிசையா இருக்குற கறி மைல், பேருதான் கறி, இப்ப பாதிக் கடை அரபு சாப்பாடு, நல்லாத்தான் இருக்கு.

ட்ராமுக்கு பேங்க் கார்டை மெஷின்ல ஏறும்போது தொட்டா இறங்கும்போதும் தொடணும், நான் மறந்து அதிகக் காசு கட்டினேன். சென்டருக்குள்ள சுத்த இலவச பஸ்ஸே இருக்கு. ஷாப்பிங்கை சனிக்கிழமையே முடிச்சிடுங்க, ஞாயித்துக்கிழமை பெரிய கடைங்க ஆறு மணி நேரம்தான் தொறக்கலாம்னு சட்டம். லண்டன் யூஸ்டன் ஸ்டேஷன்லேர்ந்து ரெண்டு மணி நேரம் சொச்சம்தான் ட்ரெய்ன், ஆனா ஞாயித்துக்கிழமை தண்டவாள வேலைன்னு எங்களை பாதி வழியில இறக்கி பஸ்ல ஏத்தினாங்க, வீடு வந்து சேர ராத்திரி ஒண்ணு, அதனால திரும்புற டிக்கெட் எடுக்கும்போது அன்னிக்கு வேலை ஏதும் இருக்கான்னு பாத்துடுங்க. நாலு பேரா போனா ஃபேமிலி ரயில்கார்டு எடுங்க, பெரியவங்களுக்கு மூணுல ஒரு பங்கு குறையும், பிள்ளைங்களுக்கு 60 சதவீதம்.

கடைசியா ஒண்ணு. அந்தப் பெட்டிச்செய்தியில வட்டமா தூணோட இருக்குற கட்டடத்துப் படத்துக்குக் கீழ டவுன் ஹால்னு போட்டிருக்கீங்க, அது சென்ட்ரல் லைப்ரரி, 1934ல கட்டினது. டவுன் ஹால் அதுக்குப் பின்னாடி மணிக்கூண்டோட இருக்குறது, பெரிய ரிப்பேர் வேலைக்காக 2018ல மூடினாங்க, நாங்க போன மூணு தடவையும் வெளியிலேர்ந்துதான் பாத்தோம். அடுத்த வாரம் ஒரு வரி திருத்தம் போட்டா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
க்ராய்டன் வாசகி