பல்கலைக்கழக நூலக வாசகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. ஆகஸ்ட் 12 அன்று நூலகர் தினம் கொண்டாடினோம். புத்தகக் காட்சிக்கு ஒருநாள் போய்வந்தோம்.

மூல ஆவணங்களைக் கொண்டு எழுதும் மாணவர் கட்டுரைக்குப் பரிசு என்பது சென்ற ஆண்டு நான் கொண்டுவந்த தீர்மானம். 11 கட்டுரைகள் வந்தன. ஏழில் ஒரு மூல ஆவணம்கூட இல்லை. எல்லாம் யாரோ எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்த மேற்கோள். ஏழு பேரையும் கூப்பிட்டுப் பேசி, திருத்தி எழுத அவகாசம் கொடுத்தேன். பரிசளிப்பு இரண்டு மாதம் தள்ளிப்போனது அதனால்தான். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு நான்கு பேரை நானே அழைத்துப்போனேன். துறை, ஆண்டு, அரசாணை எண், தேதி ஆகியவற்றை அட்டவணையில் தேடிச் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் ஆவணக் கட்டு வெளியே வரும் என்பதே அவர்களுக்குப் புதிது.

பரிசு பெற்ற மாணவி குடிமராமத்து பற்றி, அதாவது ஊர்க்குடிகளே ஏரி, கால்வாய்களைச் செப்பனிடும் வழக்கம் பற்றி எழுதினார். 1858ஆம் ஆண்டுச் சட்டத்தை மட்டும் வைத்து எழுதி முடித்திருக்கலாம். அவரோ தன் ஊர்ப் பழைய கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை) வீட்டுப் பெட்டியிலிருந்து, ஏரிக்கரையை அடைக்கச் சொல்லிக் குடிகள் கொடுத்த மனுவின் நகலைத் தேடி எடுத்தார். அந்தப் பழைய கையெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். 17 வரியைப் படிக்க மூன்று வாரம் ஆயிற்று. கீழே இரண்டே கையெழுத்து, மற்றதெல்லாம் எழுதத் தெரியாதவர்கள் இட்ட கீறல். அந்தக் கீறல்களையும் எண்ணிக் குறித்திருந்தார். அந்த ஓரிடத்துக்காகவே பரிசு கொடுக்கலாம் என்றார் நடுவர்.

பரிசளிப்பு நாளில் மாணவியின் அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஊரிலிருந்து வந்திருந்தார். நம் உறுப்பினர்கள் 63 பேரில் வந்தவர்கள் 14. அவருக்கு முன்னால் காலி நாற்காலிகளைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. வர முடியாதவர்கள் ஒரு போன் செய்திருக்கலாம். சந்தா 300 ரூபாய். பாதிப் பேருக்கு மேல் இன்னும் கட்டவில்லை. பரிசுக்கு இவ்வளவு செலவா என்று செயற்குழுவில் கேட்டார்கள். சந்தா முழுதாக வந்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார். கடன் இல்லை, கையிருப்பு சொற்பம். நூலகர், நடுவர்கள், வாசகசாலை ஊழியர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு ஓலைச்சுவடியையும் பழைய கடிதங்களையும் சேர்க்க விருப்பம். பழைய கையெழுத்து படிக்கத் தெரிந்த இரண்டு பேராவது மாணவர்களோடு உட்கார வேண்டும். நம்மில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சனிக்கிழமை மாலைகளில் வாசகசாலையில் இருப்பேன். ரசீதுப் புத்தகமும் கையில் இருக்கும்.

செயலாளர்