முன்ஜாமீன் கேட்டு வருபவர்கள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்து காலை நடையை மீண்டும் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். கடல் அட்டை வழக்கில், தொழிலுக்குப் பணம் போட்டவருக்கு முன்ஜாமீன் கிடைத்தது தவறு, அவரைக் காவலில் வைத்து விசாரித்திருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிய இரண்டு பக்கங்களையும் பலமுறை படித்தேன். நீங்கள் வனத்துறைக்காகவும் நான் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகவும் நீதிமன்றத்தில் எதிரெதிர்த் தரப்பில் நின்றே நண்பர்களானவர்கள் நாம் என்பதால், இதற்கும் என் பதில் வாதமாகத்தான் அமையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலடியில் வாழும் உயிரினமான கடல் அட்டையைப் பிடிப்பதற்கு 2001 முதல் தடை இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுப்பவரும், அதை அவித்துக் காயவைப்பவரும் சரக்கோடு பிடிபட்டு அன்றே கைதாகிவிடுவதால், அவர்களுக்கு முன்ஜாமீன் என்ற பேச்சே எழுவதில்லை. முன்ஜாமீன் கேட்டு என் அலுவலகப் படியேறுபவர் பெரும்பாலும் சம்பவ இடத்தில் இல்லாதவர்தான். அப்படி இல்லாதவர்களில், வீட்டிலிருந்தபடியே தொழிலை நடத்துபவரும் உண்டு. பழைய பகையாலோ விசாரணையின் நெருக்கடியாலோ பிடிபட்டவர் சொன்ன பெயருக்கு உரியவரும் உண்டு. இருவருடைய மனுவிலும் வாசகம் ஒன்றேதான்: என்னிடமிருந்து எதுவும் கைப்பற்றப்படவில்லை, உடன் குற்றம் சாட்டப்பட்டவரின் வாக்குமூலத்தில் மட்டுமே என் பெயர் வருகிறது. இதை வைத்துக்கொண்டு நீதிபதி எப்படிப் பிரித்தறிவார், சொல்லுங்கள்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜாமீனுக்கே இடமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது முழுச் செய்தி அன்று. 51அ பிரிவு ஜாமீனுக்கு விதிக்கும் கடுமையான நிபந்தனைகள், அதே சட்டத்தின்கீழ் ஏற்கெனவே தண்டனை பெற்றவருக்கு மட்டுமே பொருந்தும். முதன்முறை சிக்குபவருக்கு, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 438, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 482 என்று எண் மாறிய அந்த முன்ஜாமீன் பிரிவு திறந்தே இருக்கிறது. வன உயிரினச் சட்டம் உச்சப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணை உயிரினங்களுக்கான தண்டனைகூட ஏழு ஆண்டுகளைத் தாண்டாததால், ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் தேவையின்றிக் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்ன அர்னேஷ் குமார் தீர்ப்பை எடுத்துக்காட்டிக் கைதுக்கு அவசியமில்லை என்று வாதாடுவது எங்களுக்கு எளிது.

வனத்துறை அலுவலர் காவல்துறை அலுவலர் அல்லர் என்று கருதப்படுவதால், அவரிடம் தரப்படும் வாக்குமூலத்துக்குச் சான்றாக மதிப்புண்டு என்பது உங்கள் துறைக்குக் கிடைத்த பெரிய வசதி. அந்த வசதியே சோம்பலையும் வளர்த்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. உடன் குற்றம் சாட்டப்பட்டவரின் வாக்குமூலம், துணைச் சான்று இல்லாவிட்டால், மற்றொருவரைக் கட்டிப்போடும் அளவுக்கு வலுவுடையதன்று. பணப் பரிமாற்றமோ தொலைபேசி அழைப்புப் பட்டியலோ மனுவை எதிர்க்கும் நாளில் அரசு வழக்கறிஞரின் கையில் இருப்பதில்லை. "வன விலங்குகள் நாட்டின் செல்வம்" என்ற பத்திதான் இருக்கிறது.

என் பக்கத்துப் பிழையையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரிக்கு நான் முன்ஜாமீன் வாங்கித் தந்தேன். தினமும் காலை 10.30 மணிக்கு வனச்சரக அலுவலகத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையை அவர் ஒரு நாளும் தவறவிடவில்லை. அந்த நாள்களிலேயே அவருடைய கைப்பேசியும் கணக்குப் புத்தகமும் காணாமல் போயின. அவற்றை ஒப்படைக்கும்படி நிபந்தனை விதிக்குமாறு அரசுத் தரப்பு கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

சரக்கு எங்கே போனது, பணம் எங்கிருந்து வந்தது என்ற இரண்டும் விடையின்றி நிற்கும்போது, பணம் போட்டவரைக் காவலில் வைத்து விசாரிக்கத்தான் வேண்டும் என்பதில் இப்போது உங்களோடு உடன்படுகிறேன். பெயர் மட்டும் சிக்கிய மீனவரை அந்த வரிசையில் நிறுத்த மாட்டேன். உங்கள் பணிக்காலத்தில் எதிர்ப்பு மனுவோடு அழைப்புப் பட்டியலையும் இணைத்து அனுப்பிய வழக்கு ஏதேனும் உண்டா? இருந்தால் அது எப்படி முடிந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய எதிர்த்தரப்பு வழக்கறிஞர்