அந்தக் கோட்டுப்படத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிக் காட்டுங்கள்: டிவி விவாதங்களின் போர் ஆய்வாளர்களுக்கு ஒரு மடல்

பாதுகாப்புத்துறை வல்லுநர்களே, சர்வதேச அரசியல் ஆய்வாளர்களே, ஓய்வுபெற்ற அதிகாரிகளே, வணக்கம்.

உலகத்தில் எங்கே சண்டை மூண்டாலும், அங்கே வெளிநாட்டுப் படை போகலாமா கூடாதா என்ற பேச்சு எழுந்தாலும், விவாதம் தொடங்கிப் பத்து நிமிஷத்துக்குள் உங்களில் ஒருவர் ஈராக்கை இழுத்துவிடுகிறீர்கள். சாவு எண்ணிக்கை இறங்கும் கோட்டுப்படம் ஒன்றையும் திரையில் காட்டுகிறீர்கள். 2007இல் அமெரிக்க அதிபர் புஷ் ஈராக்குக்குக் கூடுதலாகப் படை அனுப்பினார், ஒன்றரை வருஷத்தில் எல்லாம் அடங்கிப்போனது, ஆகவே போதுமான ஆள் போனால் எந்த நாட்டையும் அடக்கிவிடலாம் என்பது உங்கள் கணக்கு. நெறியாளரும் தலையாட்டிவிட்டு விளம்பர இடைவேளைக்குப் போய்விடுகிறார். எனக்குத்தான் தூக்கம் போய்விடுகிறது.

வன்முறை குறைந்தது உண்மை. அதை மறுக்க நான் வரவில்லை. ஈராக்கில் இறந்த பொதுமக்களைக் கணக்கெடுக்கும் ஈராக் பாடி கவுண்ட் அமைப்பின்படி 2006இல் ஏறக்குறைய 29 ஆயிரம் பொதுமக்கள் செத்தார்கள், 2007இல் 26 ஆயிரம், 2008இல் 10 ஆயிரம், 2009இல் 5 ஆயிரம் சொச்சம். அமெரிக்கச் சிப்பாய்களும் 2007இல் 900 பேர் போல இறந்தார்கள், அடுத்த வருஷம் அது 300 சொச்சமாக இறங்கியது. இதெல்லாம் நடந்த விஷயம். என் சண்டை "ஆகவே" என்ற அந்த ஒரு சொல்லோடுதான்.

அந்த வருஷங்களில் நான் ஒரு நாளிதழில் இரவுப்பணியில் இருந்தேன். ஏஜென்சி செய்திகளைத் தமிழாக்கிச் சர்வதேசப் பக்கத்துக்குக் கொடுப்பது வேலை. 2006 பிப்ரவரி 22 அன்று ஈராக்கின் சமாரா நகரில், இஸ்லாத்தின் இரு பெரும் பிரிவுகளில் ஒன்றான ஷியாக்களின் அல் அஸ்கரி வழிபாட்டுத்தலத்தின் தங்கக் கூரையைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள், அதற்கப்புறம் பாக்தாத்தில் இருந்து தினமும் ஒரே செய்திதான் வந்துகொண்டிருந்தது. இத்தனை சடலங்கள் கிடைத்தன, கை பின்னால் கட்டப்பட்டிருந்தது, கண் கட்டியிருந்தது, உடம்பில் துளைபோடும் கருவியால் சித்திரவதை செய்த தடம் இருந்தது. இன்றைக்கு 40, நாளைக்கு 50. ஒரு கட்டத்தில் முந்தின நாள் ஃபைலையே திறந்து, எண்ணை மட்டும் மாற்றிச் சேமித்துக் கொடுத்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். பிறகு 2007 முடியும் சமயத்தில் அந்த ஃபைலைத் திறக்கும் அவசியமே இல்லாமல் போனது. இன்று சடலம் கிடைக்கவில்லை என்று யார் தலைப்புப் போடுவார்கள்? செய்தி நின்றது, பக்கத்தில் வேறு ஏதோ வந்தது, அவ்வளவுதான். ஏன் நின்றது என்று நானும் அப்போது கேட்கவில்லை. கேட்கத் தோன்றியபோது கிடைத்தவற்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2007இல் கூடுதலாகப் போனது ஏறக்குறைய 30 ஆயிரம் பேர், உச்சத்தில் மொத்தம் 1 லட்சத்து 70 ஆயிரம். சரி. ஆனால் 2005 கடைசியில், தேர்தல் பாதுகாப்புக்காக ஈராக்கில் 1 லட்சத்து 60 ஆயிரம் அமெரிக்கப் படையினர் இருந்தார்களே, அதற்கு அடுத்த வருஷம்தானே நான் எண் மாற்றி எண் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்? அதேபோல, கூடுதலாக வந்த படைப்பிரிவுகளில் கடைசிப் பிரிவு 2008 ஜூலையில் ஊருக்குத் திரும்பிவிட்டது, அதற்குப் பிறகும் சாவு குறைந்துகொண்டேதான் போனது. ஆள் எண்ணிக்கை ஒன்றே காரணமென்றால் இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துவைப்பீர்கள்?

கொலை நின்றதற்கு ஒரு காரணம், பல இடங்களில் கொல்வதற்கு ஆள் மிச்சமில்லை என்பது. கேட்கக் கொடூரமாக இருக்கிறது, ஆனால் பாக்தாத்தின் பல பேட்டைகளில் அதுதான் நடந்தது. 2006இல் அங்கே உமர் என்று பெயர் வைத்துக்கொண்டு தெருவில் நடமாடுவதே ஆபத்து. அது மற்றப் பிரிவான சன்னிகள் வைக்கும் பெயர், ஷியா ஆயுதக்குழு நிற்கும் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டினால் கதை முடிந்தது. அதனால் இளைஞர்கள் சட்டைப்பையில் ஒன்றும் சாக்ஸுக்குள் ஒன்றுமாக, பெயர் மாற்றிய இரண்டு அட்டைகள் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். எந்தச் சாவடியில் எதை எடுப்பது என்று தப்புக்கணக்குப் போட்டவன் வீடு திரும்பமாட்டான். இன்னொரு பக்கம், ஷியாக்கள் கூடும் சந்தைகளிலும் கூலிவேலைக்கு ஆள் நிற்கும் முக்குகளிலும் அல் கொய்தாக்காரர்கள் கார் குண்டு வைத்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டியவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, பலர் பூட்டக்கூட நேரமில்லாமல், கிளம்பிப் போனார்கள். நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்களும் சிரியா, ஜோர்டான் என்று வெளியே போனவர்களுமாகச் சேர்த்தால் 40 லட்சத்தை ஒட்டிய கணக்கு வருகிறது. கலந்து வாழ்ந்த பேட்டைகள் ஒரே பிரிவினரின் பேட்டைகளாகிவிட்டன.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த ஜான் அக்னியூவும் அவருடன் இருந்தவர்களும் 2008இல் ஒரு காரியம் செய்தார்கள். பாக்தாத்தின் இரவு விளக்கு வெளிச்சத்தைச் செயற்கைக்கோள் படங்களில் அளந்து பார்த்தார்கள். சன்னிகள் வாழ்ந்த பல பகுதிகளில் கூடுதல் படை வருவதற்கு முன்பே வெளிச்சம் மங்கியிருந்தது, படை வந்த பிறகும் அது பழையபடி திரும்பவில்லை. வீட்டில் ஆள் இருந்தால்தானே விளக்கு எரியும்? படை வந்து காப்பாற்றுவதற்கு முன்பே நிறையப் பேர் போய்விட்டிருந்தார்கள் என்றுதான் அவர்கள் சொன்னார்கள்.

மிச்சமிருந்த எல்லைகளில் சுவர் எழுந்தது. 2007 ஏப்ரலில், பாக்தாத்தில் டைக்ரிஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கும் சன்னிப் பேட்டையான அதமியாவைச் சுற்றி அமெரிக்கப் படை ஆள் உயரத்தின் இரண்டு மடங்குக்குக் கான்கிரீட் பலகைகளை நிறுத்தத் தொடங்கியது, ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளத்துக்கு. அங்கிருந்தவர்களே தெருவில் இறங்கி எதிர்த்தார்கள், எங்களைச் சிறையில் வைக்கிறீர்களா என்று. ஷியாப் பிரிவைச் சேர்ந்த ஈராக் பிரதமர் நூரி அல் மாலிக்கியும் வேண்டாமென்றார். ஆனாலும் இப்படிச் சுவர்கள் நகரமெங்கும் வந்தன. சுவர் உயிரைக் காப்பாற்றியது, இல்லை என்று சொல்லமாட்டேன். கார் குண்டு சுவரைத் தாண்டாது. பக்கத்துத் தெருக்காரனும் தாண்டமாட்டான், அதுதான் சிக்கல்.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் நானும் உங்களைப்போல ஒற்றைக் காரணக்காரன் ஆகிவிடுவேன். மேற்கு ஈராக்கின் அன்பார் மாகாணத்தில் இந்த விளக்கம் எடுபடாது. அங்கே பெரும்பாலும் எல்லோருமே சன்னிகள், பிரிந்துபோக இரண்டு தரப்பே கிடையாது. அங்கேதான் முதலில் சண்டை தணிந்தது. காரணம், 2006 செப்டம்பரில் அதன் தலைநகரான ரமாதியில் அப்துல் சத்தார் அபு ரிஷா என்ற குலத்தலைவர் மற்ற ஷேக்குகளைச் சேர்த்துக்கொண்டு அல் கொய்தாவுக்கு எதிராகத் திரும்பினார். அதுவரை அமெரிக்கர்களைச் சுட்டவர்கள் அமெரிக்கர்களோடு ரோந்து போனார்கள். அப்புறம் இது மற்ற மாகாணங்களுக்கும் பரவி, "ஈராக்கின் மைந்தர்கள்" என்ற பெயரில் கிட்டத்தட்ட 1 லட்சம் பேர், ஆளுக்கு மாதம் 300 டாலர் அளவில், அமெரிக்கச் சம்பளப் பட்டியலில் ஏறினார்கள். 2003 மே மாதத்தில், ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் ஒரே உத்தரவில் ஈராக் ராணுவத்தைக் கலைத்து லட்சக்கணக்கான துப்பாக்கி பிடித்த கைகளைச் சம்பளமில்லாமல் தெருவுக்கு அனுப்பியதை நினைத்துப் பாருங்கள். நாலு வருஷம் கழித்து அதே அமெரிக்கா அதே மாதிரி ஆட்களுக்கு மாதச் சம்பளம் போட்டது. இதை ராணுவ வெற்றி என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது, தோல்வி என்று சொன்னால் அதுவும் சரியாக வரவில்லை.

ஏனென்றால் குலத்தலைவர்கள் இதற்கு முன்பும் அல் கொய்தாவுக்கு எதிராகத் திரும்ப முயன்றிருக்கிறார்கள். 2006 ஜனவரியில் ரமாதி கண்ணாடித் தொழிற்சாலையில் போலீஸ் வேலைக்கு வரிசையில் நின்ற பையன்கள் நடுவே குண்டு வெடித்தது, அவர்களை அனுப்பிவைத்த ஷேக்குகளை அல் கொய்தா தேடித் தேடிக் கொன்றது, அந்த முயற்சி அதோடு படுத்துவிட்டது. அடுத்த முறை தாக்குப்பிடித்ததற்குக் காரணம், திரும்பியவனுக்குப் பக்கத்தில் நின்று காக்க ஆள் இருந்தது. ஸ்டீஃபன் பிடில், ஜெஃப்ரி ஃப்ரீட்மன், ஜேக்கப் ஷபிரோ என்ற மூன்று ஆய்வாளர்கள் 2012இல் தாக்குதல் பதிவுகளையும் அங்கே பணியாற்றிய அதிகாரிகளின் பேட்டிகளையும் வைத்துச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். தனியாகப் படையும் போதாது, தனியாக மனமாற்றமும் போதாது, இரண்டும் ஒரே நேரத்தில் கூடிவந்தது என்றார்கள். ஈராக்கில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் டேவிட் பெட்ரேயஸ் படையை விமான நிலையத்துப் பெரிய முகாம்களில் இருந்து எடுத்து, பேட்டைக்குள்ளேயே சின்னச் சின்னக் காவல்நிலையங்களில் ஈராக்கியர்களோடு தங்கவைத்ததும் அப்போதுதான். ராத்திரி ஆனால் முகாமுக்கு ஓடிவிடும் படையை நம்பி எவன் தகவல் சொல்வான்?

அபு ரிஷா கதையையும் சொல்லிவிடுகிறேன். 2007 செப்டம்பர் தொடக்கத்தில் புஷ் அன்பாருக்கு வந்து அவரோடு கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார். அதற்குப் பத்து நாள் கழித்து, 13ஆம் தேதி, அபு ரிஷாவை அவர் வீட்டருகே குண்டு வைத்துக் கொன்றுவிட்டார்கள். பக்கத்தில் இருந்த படையால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை, ஆனாலும் அவர் தொடங்கியது நிற்கவில்லை.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், அவரை நீங்கள் மறந்தே போய்விடுகிறீர்கள். ஷியா மதத்தலைவர் முக்ததா அல் சதர். 2007 ஆகஸ்ட் கடைசியில் கர்பலாவில் யாத்திரைக் கூட்டத்துக்கு நடுவே அவருடைய ஆயுதக்குழுவான மஹ்தி படை மோதலில் இறங்கி 50 பேருக்கு மேல் செத்தார்கள். சொந்த ஷியா மக்களிடமே பெயர் கெட்டது. உடனே 29ஆம் தேதி, ஆறு மாதம் துப்பாக்கியைக் கீழே வையுங்கள் என்று அறிவித்தார், பிறகு அதை நீட்டித்தார். பாக்தாத்தில் சடலங்கள் குறைந்ததில் இந்த உத்தரவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2008 மார்ச்சில் மாலிக்கி பஸ்ராவில் அவருடைய ஆட்கள் மேல் படை அனுப்பியதும் பஸ்ராவும் பாக்தாத்தின் ஷியாப் பகுதியான சதர் சிட்டியும் மறுபடி பற்றிக்கொண்டன, அதை அணைக்கும் பேச்சு நடந்தது ஈரானின் கும் நகரத்தில். 1 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேல் அமெரிக்கப் படை ஈராக்கில் நிற்கும்போது, சண்டையை நிறுத்தும் குழாய் ஈரானில் இருந்தது.

நல்லதும் நடந்தது. அதமியாவையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஷியாப் பேட்டையான காதிமியாவையும் இணைக்கும் அயிம்மா பாலம் ஒன்று உண்டு. 2005 ஆகஸ்டில் அங்கே குண்டுப் புரளி கிளம்பி, நெரிசலில் ஏறக்குறைய ஆயிரம் யாத்திரிகர்கள் செத்ததற்குப் பிறகு அதை மூடிவைத்திருந்தார்கள். 2008 நவம்பரில் திறந்தார்கள், இரண்டு பக்கத்து ஆட்களும் நடுவில் சந்தித்துக் கட்டிக்கொண்டார்கள். அந்தச் செய்தி என் மேசைக்கு வந்திருந்தால் நிச்சயம் பெட்டிச்செய்தி போட்டிருப்பேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் வந்ததா, நான் தூக்கிப்போட்டேனா என்பது எனக்கு ஞாபகமில்லை.

ஆக, வன்முறையை நிறுத்தியது ஒரு கை அல்ல. எதிர்ப் பிரிவினரைப் பேட்டையைவிட்டு விரட்டி முடித்துவிட்டோம் என்று நின்றவன் ஒருவன், மாதச் சம்பளத்துக்கு நின்றவன் ஒருவன், தலைவர் சொன்னதால் நின்றவன் ஒருவன், முக்கில் சிப்பாய் நிற்கிறான் என்று பயந்து நின்றவன் ஒருவன். கோட்டுப்படத்தில் நாலு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். ஆனால் ஒவ்வொருவனும் மறுபடி எப்போது கிளம்புவான் என்பது வேறு வேறு. சம்பளம் நின்றால் ஒருவன் கிளம்புவான், தலைவர் மனம் மாறினால் ஒருவன், சிப்பாய் ஊருக்குப் போனால் ஒருவன்.

அப்படித்தான் ஆனது. 2008 அக்டோபரில் "ஈராக்கின் மைந்தர்கள்" ஆட்களின் சம்பளப் பட்டியல் மாலிக்கி அரசின் கைக்கு மாறத் தொடங்கியது. ஐந்தில் ஒரு பங்கு ஆட்களுக்கு ராணுவத்திலும் போலீசிலும் வேலை, மற்றவர்களுக்கு அரசில் வேறு வேலை என்று சொல்லியிருந்தார்கள், அது அரையும்குறையுமாக இழுத்துக்கொண்டே போனது, சம்பளம் தள்ளித் தள்ளி வந்தது, தலைவர்களில் சிலர் கைதானார்கள். 2011 டிசம்பரில் கடைசி அமெரிக்கப் படையணி எல்லை தாண்டிய மறுநாளே, சன்னித் துணை அதிபர் தாரிக் அல் ஹாஷிமியைப் பிடிக்க வாரண்ட் வெளியானது. அமெரிக்கா போயிருக்கக்கூடாது என்று இந்த இடத்தில் நீங்கள் சொல்வீர்கள், தெரியும். ஆனால் வெளியேறும் தேதியில் கையெழுத்துப் போட்டது 2008இல் இதே புஷ் அரசுதான். இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தாலும் அந்தச் சம்பளப் பட்டியலை மாலிக்கி எப்படி நடத்தியிருப்பார் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அடுத்த முறை வேறொரு நாட்டுக்குப் படை அனுப்புவதைப் பற்றிப் பேச உட்காரும்போது, துப்பாக்கியைக் கீழே வைத்தவன் யார், எதற்காக வைத்தான், அவனுக்கு யார் என்ன வாக்கு கொடுத்தார்கள் என்று ஒரு கேள்வியாவது கேளுங்கள். அப்புறம் ஈராக் கோட்டுப்படத்தைத் திரையில் போடும்போது 2009இல் வெட்டிவிடாமல் இன்னும் ஐந்து வருஷம் நீட்டிப் போடச் சொல்லுங்கள். ஐஎஸ் அமைப்பின் கையில் ஃபல்லூஜா விழுந்த, மொசூல் விழுந்த 2014இல் அந்தக் கோடு மறுபடி 20 ஆயிரத்தில் போய் நிற்கும்.